சோழமண்டலத்துக் கலைஞர் சிற்றூர்

மேல்நாட்டு மாலுமிகள் வரைந்த பழைய கடற்படங்களில் நம் கிழக்குக் கரைக்குக் 'கோரமண்டலம்' என்று பெயர் எழுதப்பட்டிருக்கும். சோழமண்டலம் என்னும் சொல்லே அயலார் நாவில் அவ்வாறு திரிந்தது என்பது அறிஞர் கருத்து. அக்கரையில், காரைக்கால் நகரை அடுத்து, வலையும் படகுமாக விளங்கும் மீனவர் ஊர் காரைக்கால்மேடு. இங்கிருந்து அதே கரையோரமாக வடக்கு நோக்கிச் சென்றால், தரங்கம்பாடியும் புதுச்சேரியும் மாமல்லபுரமும் கடந்து, சென்னையை எட்டுவதற்குச் சற்று முன்னர் இஞ்சம்பாக்கம் என்னும் மற்றொரு மீனவர் ஊர் வரும். அவ்வூர் மணலில் 1966ஆம் ஆண்டில் ஓவியரும் சிற்பிகளும் சிலர் கூடித் தமக்கென ஒரு குடியிருப்பை அமைத்தனர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் சோழமண்டலம்.

ஓவியர் ஒரிடத்தில் கூடி வாழ்ந்தனர் என்பது ஒரு பெரிய செய்தியா என்று மாணவ நண்பர்கள் கேட்கலாம். கூடி வாழ்ந்ததைவிட, அவர்கள் தம் பிழைப்புக்குத் தேடிக்கொண்ட வழியே ஆராயத்தக்கது. கண்காட்சிக் கூடமும் கைத்தொழிற் பட்டறையும் ஆகிய இரண்டையும் அவர்கள் தம் உடைமையாகவே வைத்துக்கொண்டனர். அதற்கு முந்திய நூறு ஆண்டுகளில் இந்நாட்டுக் கைவினைஞனுக்கு இவ்விரண்டில் ஒன்றும் உடைமையாக இருந்ததில்லை. இதனை விளங்கிக்கொள்ள, நாம் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1851ஆம் ஆண்டு மே மாதம் முதல் நாள், இலண்டன் மாநகரில் ஒரு பெருங் கண்காட்சி திறக்கப்பட்டது. இரும்பும் கண்ணாடியும் கொண்டு ஜோசப் பாக்ஸ்டன் என்பவர் வகுத்த மாளிகை அது. 'பளிங்கு மாளிகை' என்றே மக்கள் அதனை அழைத்தனர். ஏறத்தாழ ஐந்தரை மாதங்களில் அறுபது இலட்சம் பேர் அங்கு வந்து சென்றனர். கிழக்கிந்தியக் கம்பெனியார் அனுப்பிய இந்தியப் பொருள்கள் அங்கே மிகுந்த பாராட்டைப் பெற்றன. துணியும் உலோகவேலையும் மரவேலையும் கண்ட ஆங்கில வடிவமைப்பாளர்கள், தம் நாட்டு ஆலைப்பொருளில் இல்லாத ஒழுங்கும் வண்ணப் பொருத்தமும் இவற்றில் இருப்பதாக வியந்தனர். கண்காட்சி முடிந்தபின் அவற்றுட் சில அந்நாட்டு அருங்காட்சியகத்துக்கென விலைக்கும் வாங்கப்பட்டன. பொருள் கடல் கடந்தது, புகழும் அடைந்தது. ஆனால் அதனைச் செய்தவன் பெயரை எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இது அந்தக் காலத்தோடு ஒழிந்த குறை என்று எண்ணிவிட வேண்டா. நியூயார்க்கு நகரத்து மெட்ரோபாலிட்டன் கலைக்கூடத்தில், கையில் தாளம் ஏந்தி அமர்ந்த காரைக்கால் அம்மையாரின் செப்புத் திருமேனி ஒன்று இருக்கிறது. அமெரிக்காவிலேயே கான்சாஸ் நகரத்து நெல்சன்-அட்கின்ஸ் கலைக்கூடத்தில் மற்றொன்று இருக்கிறது. நம் ஊர் அம்மையார் அவ்வளவு தொலைவில் அமர்ந்து பாடுகிறார். உலோகம் இன்னது, காலம் இன்னது என்று எழுதிவைக்க முடிகிறது. வார்த்த கை எவருடையது என்று எழுத வழியில்லை. எலும்பும் நரம்பும் தெரிய, அந்த உடலிலே அத்துணை இன்பத்தைக் காட்டிய சிற்பிக்குப் பெயர் இல்லை.

பொருளை மட்டும் காட்டியது போதாது, செய்பவனையும் காட்டலாம் என்ற எண்ணம் பின்னர் எழுந்தது. 1886இல் இலண்டனில் குடியேற்ற நாடுகளுக்கும் இந்தியாவுக்குமான கண்காட்சி நடைபெற்றபோது, 34 இந்தியக் கைவினைஞர்கள் அங்கே அமர்ந்து, வந்தவர் கண்முன் தம் தொழிலைச் செய்துகாட்டினர். கம்பளம் நெய்தனர்; பானை வனைந்தனர். பரம்பரைக் கைவினைஞர் என்று அவர்கள் பார்வையாளருக்கு அறிமுகப்படுத்தப்பட்டனர். உண்மை வேறாக இருந்தது. அவர்களுட் பெரும்பாலோர் ஆக்ராச் சிறையிலே தொழில் பழகியவர்கள். சிறைத்தொழிலை மரபுத்தொழிலாகக் காட்டிய அந்தச் செயலைக் கண்காட்சி வரலாற்றின் வெட்கக்கேடான பக்கம் என்றே நான் கருதுகிறேன். அவர்களுட் சிலரின் முகம் இன்று நமக்குத் தெரிகின்றதென்றால், அதற்கு விக்டோரியா அரசியார் ருடால்ப் சுவோபோடா என்னும் ஓவியரைக்கொண்டு அவர்களை வரையச் செய்ததே காரணம்.

இதற்கிடையில் சென்னையில் வேறொரு முயற்சி தொடங்கியிருந்தது. அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர், 1850இல் தம் சொந்தச் செலவிலேயே ஓர் ஓவியப் பள்ளியைத் தொடங்கினார். மறு ஆண்டில் கைத்தொழிற் பகுதியையும் அதனோடு சேர்த்தார். 1852இல் அரசாங்கம் அதனை ஏற்றுக்கொண்டது. இன்று பெரியார் நெடுஞ்சாலையில் அரசு கவின்கலைக் கல்லூரி என்னும் பெயரோடு நிற்பது அப்பள்ளியே. மண்பாண்டம், செங்கல், மரத்தில் செதுக்கிய அச்சு, உலோகவேலை என்று பல தொழில்கள் அங்கே பழக்கப்பட்டன. 1855இல் சென்னையிலே ஒரு பெருங் கண்காட்சியும் நடைபெற்றது; தென்னாட்டு விளைபொருள்களும் கைப்பொருள்களும் அதிலே காட்டப்பட்டன.

அப்பள்ளியின் பட்டறையிலிருந்து நம் சமையற்கட்டுக்கு வந்த ஒரு பொருளை இங்கே குறிப்பிடாமல் விட மனம் வரவில்லை. 1898இல் ஆல்பிரட் சாட்டர்டன் என்பவர் அங்கே அலுமினியப் பாத்திரம் செய்யும் தொழிலைத் தொடங்கினார். இரண்டே ஆண்டுகளில் அது தனியொரு கம்பெனியாக வளர்ந்தது. ஏழை வீடுகளில் பித்தளைக்கும் மண்சட்டிக்கும் நடுவே அலுமினியம் வந்து அமர்ந்த கதைக்கு ஓர் ஓவியப் பள்ளி தொடக்கமாக இருந்தது என்பது இன்று வியப்பாகத் தோன்றும்.

ஆயினும் அப்பள்ளிக்குள் ஒரு பிளவும் வளர்ந்தது. படம் எழுதுவோர் ஒரு பக்கம், கைத்தொழில் பழகுவோர் மறுபக்கம். முன்னவர் கலைஞர், பின்னவர் தொழிலாளர். கோயிலைக் கட்டிய நாட்டிலே, தச்சனும் கன்னானும் கல்தச்சனும் ஓவியனும் ஒரே மரபினராக இருந்த நாட்டிலே, இந்தப் பிரிவு புதியது. 1930ஐ ஒட்டி அப்பள்ளியின் முதல் இந்தியத் தலைவராகத் தேவி பிரசாத் ராய் சௌத்ரி வந்தார். மெரினாக் கடற்கரையில் 1959இல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலை அவர் ஆக்கமே. அவர் காலத்தில் கவின்கலைப் பகுதி ஓங்கியது. கைத்தொழிற் பகுதியும் இருந்தது. ஆனால் அதற்கு அந்த மதிப்பு இல்லை.

அவருக்குப் பின் 1957இல் பள்ளித் தலைமையை ஏற்றவர் கே.சி.எஸ். பணிக்கர். 1911இல் கோயம்புத்தூரில் பிறந்த இவர், இளமையில் தந்தித் துறையில் பணியாற்றியவர். இருபத்தைந்து வயதில், 1936இல், மாணவராக அப்பள்ளியிற் சேர்ந்தார். 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தோற்றுவித்தார். மேல்நாட்டுப் பாணியைப் பின்பற்றுவதோடு நின்றுவிடாமல், தென்னாட்டுக்கு உரிய ஓர் ஓவிய மொழியைத் தேடுவதே அவர் வாழ்நாள் வேட்கை. 1963 முதல் அவர் எழுதிய 'சொற்களும் சின்னங்களும்' என்னும் ஓவிய வரிசையில் சாதகக் கட்டங்களும் கணக்குக் குறிகளும் மலையாள எழுத்தை ஒத்த வரிகளும் படமாகவே நிற்கக் காணலாம்.

ஆனால் ஆசிரியராகிய பணிக்கரை வாட்டிய கேள்வி ஓவிய மொழியைப் பற்றியது மட்டுமன்று. ஆண்டுதோறும் தேறி வெளியேறிய மாணவர் என்ன ஆயினர்? சென்னையில் அன்று ஓவியம் வாங்குவோர் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. பம்பாயிலும் டில்லியிலும் இருந்த ஆதரவு இங்கு இல்லை. திறமை மிக்க இளைஞர் பலர் விளம்பர நிலையங்களுக்கோ பள்ளிகளில் வரைதல் ஆசிரியர் வேலைக்கோ சென்றனர். சில ஆண்டுகளில் தூரிகையை மறந்தனர். அரசாங்கத்திடம் மனுப் போட்டுக் காத்திருக்கலாம், செல்வரை நாடலாம். பணிக்கரும் அவர் மாணவரும் இரண்டையும் விடுத்து, தம் பள்ளியிலேயே கீழ்ப்படியில் வைக்கப்பட்டிருந்த கைத்தொழிலைக் கையில் எடுத்தனர். நாளின் ஒரு பகுதியில் விற்பனைக்குரிய கைவினை. மற்றப் பகுதியில் எவர் விருப்பத்தையும் நோக்காத ஓவியம். இதற்காக ஓவியர் கைவினைச் சங்கம் ஒன்று அமைந்தது.

அவர்களுக்கு முதலில் கைகொடுத்த தொழில் பாத்திக். அத்தொழிலின் வரலாறு நம் கரையோடு உறவுடையது. ஆதலின் சற்று விரித்துரைக்கிறேன். துணியை இழுத்துக் கட்டி, உருக்கிய மெழுகைத் தூரிகையாலோ சிறு குழாய்ப் பேனாவாலோ அதன்மேல் இட வேண்டும். பின்னர்ச் சாயத்தில் தோய்த்தால் மெழுகு பட்ட இடம் சாயம் ஏற்காது. வெளிறிய நிறத்தில் தொடங்கி, மேலும் மேலும் மெழுகிட்டு, அடர்ந்த நிறத்துக்குச் செல்வார்கள். சாயம் சூடாக இருந்தால் மெழுகு உருகிவிடும். குளிர்ந்த நிலையிலேயே தோய்க்க வேண்டும். மெழுகு காய்ந்து விரிசல் விடும் இடங்களில் சாயம் கசிந்து நூலிழை போன்ற கோடுகள் படரும். அவை எவரும் திட்டமிட்டு வரைய முடியாதவை. முடிவில் துணியைக் கொதிநீரில் இட்டு மெழுகைக் களைவார்கள்.

இத்தொழில் சாவகத் தீவில் உச்சநிலை அடைந்தது. 1927இல் தாகூர் சாவகம் சென்று வந்தபின் சாந்திநிகேதனில் வேரூன்றியது. ஆனால் அதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே சோழமண்டலக் கரையின் எழுத்துத்துணிகள் சாவகத்துக்கும் சயாமுக்கும் கப்பலேறியிருந்தன. கடற்கரை மணலில் விளைந்த சாயவேர் அவற்றுக்குச் சிவப்பைத் தந்தது. இம்பூறல் என்று நம்மவர் அழைக்கும் சிறு செடியின் வேரே அது. நீலத்துக்கு அவுரி. அவுரிநீலம் ஏறக்கூடாத இடத்தை மெழுகால் மூடும் முறையையும் நம் கரைத் தொழிலாளர் அறிந்திருந்தனர். 1620இல் டேனியர் தரங்கம்பாடிக்கும், 1739இல் பிரெஞ்சுக்காரர் காரைக்காலுக்கும் வந்து அமர்ந்ததற்குத் துணி வாணிகமும் ஒரு காரணம். எனவே, இஞ்சம்பாக்கத்து ஓவியர் மெழுகுக் கிண்ணத்தை அடுப்பில் ஏற்றியபோது, இந்தக் கரைக்கு அது முற்றிலும் புதிய தொழிலன்று. அவர்கள் அதனைக் கற்றது வேறு வழியில் என்பது உண்மையே.

பாத்திக் துணிகளைக் கண்காட்சியாக வைத்தபோது நகரத்து மக்கள் விரும்பி வாங்கினர். அவ்வருவாயும் உழைப்பும் சேர்ந்து, பத்து ஏக்கருக்கு மிகாத கடற்கரை நிலம் வாங்கப்பட்டது. ஏறத்தாழ நாற்பது கலைஞர் அம்முயற்சியில் பங்குகொண்டனர். ஒவ்வொருவரும் தம் மனைக்கு உரிய தொகையைக் கைவினை வருவாயிலிருந்தே செலுத்தினர். விற்பனையில் ஒரு பங்கு சங்கத்துக்குச் சேர்ந்தது. ஓலைக் குடிசைகள் எழுந்தன. பின்னர் வீடுகளும், பொதுப் பட்டறையும், காட்சிக்கூடமும், திறந்தவெளி அரங்கும் தோன்றின. அரசாங்கத்தின் நிலமன்று, செல்வர் தந்த அறக்கொடையுமன்று. காட்சிக்கூடத்தில் எதனைத் தொங்கவிடுவது, என்ன விலை சொல்வது என்பதைச் செய்தவரே முடிவு செய்தனர். 1886இல் இலண்டனில் அமர்த்தப்பட்டிருந்த அந்த 34 பேரின் நிலையை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

துணி மட்டுமின்றி, தோல், மண், மரம், உலோகம் ஆகியவற்றிலும் வேலை நடந்தது. இவ்விடத்தில்தான் எவரும் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. பிழைப்புக்காகப் பழகிய கைத்தொழில் அவர்களுடைய கலைக்குள்ளேயே புகுந்தது. பி.வி. ஜானகிராமின் சிற்பங்களை எடுத்துக்கொள்வோம். கோயில் மூலவருக்கு அணிவிக்கும் கவசத்தை நீங்கள் கண்டிருப்பீர்கள். தகட்டை அடித்தும் உந்தியும் உருவம் எழுப்பும் அந்த முறையைக் கொண்டே, முன்புறம் நோக்கி நிற்கும் புதுமைச் சிற்பங்களை அவர் ஆக்கினார். கல்லும் களிமண்ணும் மட்டுமே சிற்பத்துக்கு உரியவை என்று பள்ளியில் கற்றவர்க்கு அது ஒரு திறவுகோல். பணிக்கரின் மகன் நந்தகோபால், செம்பையும் பித்தளையையும் வெட்டி ஒட்டி, திருவாசியை நினைவூட்டும் உலோக உருவங்களைப் படைத்தார். எஸ்.ஜி. வாசுதேவ் செப்புத்தகட்டில் புடைப்போவியம் செய்தார். சுல்தான் அலி, அர்னவாஸ், விசுவநாதன், சேனாதிபதி, ஹரிதாசன், டக்ளஸ் என அங்கே வாழ்ந்தும் வந்தும் சென்றோர் பெயர் பல. ஒவ்வொருவரையும் பற்றித் தனிப்பேச்சு நிகழ்த்தலாம்.

கைத்தொழில் ஓவியனின் நேரத்தை விழுங்கிவிடும், வாங்குவோர் விருப்பம் மெல்ல மெல்ல ஓவியத்திலும் புகுந்துவிடும் என்று அந்நாளில் குறை கூறியோர் இருந்தனர். அவர்கள் அஞ்சியதில் பொருள் இல்லாமல் இல்லை. விற்பனைக்கு அழகாகச் செய்து பழகிய கை, அழகுக்கு அப்பாற்பட்ட ஒன்றைத் தேடத் தயங்கும். சோழமண்டலத்து ஆக்கங்கள் சிலவற்றில் அணிவேலை மிகுந்து கருத்து மெலிந்திருப்பதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் மாற்று வழி யாது என்பதை அவர்கள் கூறவில்லை. தூரிகையை அடியோடு விட்டவன் அழகாகவும் வரைவதில்லை, ஆழமாகவும் வரைவதில்லை.

வேறொரு குறைதான் என் நெஞ்சை உறுத்துவது. கூட்டுறவு பசியைத் தீர்க்கும். மனத்தின் துயரை எல்லாம் தீர்த்துவிடாது. ராமானுஜம் என்னும் இளைஞர் அங்கே வாழ்ந்தார். பேச்சு எளிதில் வராதவர்; உலகியல் அறியாதவர். பணிக்கர் அவரைத் தம் பிள்ளைபோல் காத்தார். மையால் வரைந்த அவருடைய ஓவியங்களில் மாளிகையும் பறவையும் நாகமும் கனவில் வருவனபோல் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கும். அவற்றின் நடுவே தொப்பியணிந்த சிற்றுருவமாகத் தம்மையும் எழுதிக்கொள்வார். 1973இல், முப்பது வயது கடந்த சில ஆண்டுகளில், அவர் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். அவர் ஓவியங்களின் பெருமையை நாடு உணர்ந்தது பின்னரே.

பணிக்கர் 1977இல் காலமானார். சிலர் அதற்கு முன்னரே பாரிசுக்குச் சென்றிருந்தனர். விசுவநாதன் அவர்களுள் ஒருவர். பின்னாளில் வேறு சிலரும் வெளியூர் சென்றனர். ஓவியத்துக்கு விலை ஏறத் தொடங்கியதும் பாத்திக் அடுப்பு மெல்ல அணைந்தது. எத்தொழில் ஊரை எழுப்பியதோ அத்தொழில் ஊர் செழித்தவுடன் வேண்டப்படாததாயிற்று. இதனை வெற்றி என்பதா, இழப்பு என்பதா? எனக்கு இரண்டும் சேர்ந்ததாகவே தோன்றுகிறது. 2009இல் அங்கே தற்காலக் கலை மையம் ஒன்று திறக்கப்பட்டது. சென்னைக் கலையியக்கத்தைச் சேர்ந்த ஓவியங்களையும் சிற்பங்களையும் ஒருசேரக் காண விரும்பும் மாணவர் முதலில் செல்லத்தக்க இடம் அதுவே. அன்றைய மணல்வெளியைச் சுற்றி இன்று மாநகரம் நெருங்கிவிட்டது.

கைத்தொழிலின் கதை அத்துடன் நின்றுவிடவில்லை. அதே கிழக்குக் கடற்கரைச் சாலையில் சற்றுத் தெற்கே நகர்ந்தது. 1984இல் தோன்றிய சென்னைக் கைவினை அமைப்பு, 1996ஆம் ஆண்டு திசம்பரில் முட்டுக்காட்டில் தட்சிணசித்ராவைத் திறந்தது. தென்மாநிலங்களில் இடிக்கப்பட இருந்த பழைய வீடுகளைப் பிரித்துக் கொணர்ந்து, அங்கே மீண்டும் கட்டி எழுப்பியுள்ளனர். செட்டிநாட்டு வீடும், நெசவாளர் வீடும், குயவர் வீடும் அங்கே உண்டு. கைவினைஞர் தம் தொழிலைச் செய்துகாட்டித் தாமே விற்பனையும் செய்கின்றனர். வரும் மாணவரும் கை நனைக்கலாம். சக்கரத்தில் களிமண்ணை வைத்துப் பார்க்கலாம்.

ஒரு மணி நேரத்தில் எவரும் குயவராகிவிட மாட்டார் என்று நகைப்போர் உண்டு. உண்மைதான். முதன்முறை சக்கரத்தில் கை வைப்பவனுடைய மண் நடுவில் நில்லாது ஒருபுறம் சாயும். சுவர் எழும்புமுன் சரியும். ஆனால் அந்த ஒரு மணி நேரத்துக்குப் பின் அவன் சந்தையில் ஒரு பானையின் விலையைக் கேட்கும் குரல் மாறியிருக்கும். காரைக்கால்மேட்டு மாணவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. அறுந்த வலையின் கண்களை எண்ணி முடிச்சிடும் விரல்களை அவர்கள் நாள்தோறும் காண்கின்றனர். தாமே அமர்ந்து பின்னிப் பார்த்தவரும் பலர். நைலான் நூல் வந்தது, கட்டுமரத்துக்கு மாற்றாகக் கண்ணாடியிழைப் படகு வந்தது. வலையைச் செப்பனிடும் விரல் வேலை மட்டும் மாறவில்லை. அதனைக் கைவினை என்று எந்தக் காட்சிக்கூடமாவது ஏற்றதுண்டா என்று கேட்கத் தோன்றுகிறது.

சென்னை வரை செல்ல இயலாதவர், கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலைக்குச் செல்லலாம். காரைக்காலிலிருந்து ஒரே நாளில் சென்று திரும்பலாம். அங்கும் மெழுகுதான் முதற்பொருள். தேன்மெழுகோடு குங்கிலியம் கலந்து உருவத்தை முதலில் செய்வார்கள். அதன்மேல் காவிரியின் வண்டல் மண்ணை மெல்லியதாகப் பூசி, காயவைத்து, மேலும் மேலும் கனமாக அப்புவார்கள். சூடேற்றினால் மெழுகு உருகி ஓடிவிடும். உள்ளே உருவத்தின் வெற்றிடம் நிற்கும். அதனுள்ளே உருக்கிய உலோகத்தை வார்ப்பார்கள். அச்சை உடைத்தபின் உளி கொண்டு கண்ணையும் அணியையும் தீட்டுவார்கள். ஓர் அச்சில் ஓர் உருவமே. நியூயார்க்கில் தாளம் ஏந்தி அமர்ந்திருக்கும் அம்மையாரின் திருமேனியும் மெழுகில் பிறந்து மண்ணில் சுடப்பட்டு எழுந்ததே. அந்தச் சிற்பியின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. சுவாமிமலைப் பட்டறை வாயில்களில் இன்று தொழில் செய்வோரின் பெயர்ப்பலகைகள் தொங்குகின்றன.